முன் பிரேக் ஏன் பிடித்த பிடியை விட மாட்டேன் என்கிறது? பழைய லோடு வண்டிக்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கிறது. முன் சக்கரத்திலிருந்து கருகல் வாசம் வருகிறது. லேசான சரிவில் நியூட்ரலில் விட்டால்கூட உருளாமல் நிற்கிறது, டீசல் வேறு வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறது. இதற்கெல்லாம் சேர்த்து நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் ‘பிரேக் ஜாம்’. பட்டறையில் ‘பைண்டிங்’ என்பார்கள். பெயர் ஒன்றுதான், ஆனால் அதற்குள் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன, அதனால்தான் டீக்கடையில் கேட்டால் ஒருவர் பேட் மாற்று என்கிறார், இன்னொருவர் காலிப்பரே போச்சு என்கிறார், மூன்றாவது ஆள் துரு இளக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே வாங்கி அடி, சரியாயிடும் என்கிறார். (மூன்றாவது ஆள் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். பேடிலும் டிஸ்கிலும் எண்ணெய்ப் பசை பட்டால் பிடித்துக்கொண்டிருந்த பிரேக் பிடிக்காத பிரேக்காகிவிடும், அது இதைவிட மோசம்.)

இங்கே சொல்லப்போவது முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று வரும் சின்ன லோடு வண்டிகளைப் பற்றி. 2005இல் வந்த டாடா ஏஸ், அதாவது நம்ம ஊர் குட்டி யானை, பொலேரோ பிக்கப், இந்த வகை. பெரிய லாரிகளில் இருப்பது ஏர் பிரேக், அதன் கதை வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

## பிடிப்பது சரி, விடுவது எப்படி?

சைக்கிள் பிரேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை அழுத்தினால் கம்பி இழுபட்டு ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும். கையை எடுத்ததும் ஒரு ஸ்பிரிங் கட்டையை ரிம்மிலிருந்து பிரிக்கும். சில சமயம் கையை எடுத்த பிறகும் கட்டை உரசிக்கொண்டே இருக்கும், மிதிக்க மிதிக்க மூச்சு வாங்கும். அப்போது கோளாறு இரண்டில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். ஒன்று, ரிம் பக்கத்தில் உள்ள கை துருப்பிடித்து இறுகியிருக்க வேண்டும். இல்லையென்றால், கம்பி தன் உறைக்குள் சிக்கி, கைப்பிடியை விட்ட பிறகும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

லோடு வண்டியிலும் இதே இரண்டுதான். சக்கரத்தில் உள்ள உறுப்பு இறுகிப்போயிருக்கும், அல்லது பெடலிலிருந்து வந்த அழுத்தம் திரும்பிப் போகாமல் தங்கியிருக்கும். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் சாமான் வாங்கப் போவதால்தான் புதுக் காலிப்பர் போட்டும் ஒரு வாரத்தில் அதே கருகல் வாசம் திரும்ப வருகிறது.

## காலிப்பருக்குள் நடப்பது

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதன் இரு பக்கமும் உரசுவதற்கு இரண்டு பேட். இந்த மூன்றையும் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கனமான கூடு காலிப்பர். அதற்குள் டம்ளர் அளவில் ஒரு பிஸ்டன் இருக்கும். பெடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது மாஸ்டர் சிலிண்டர், நீங்கள் பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைக் குழாய் வழியாகத் தள்ளுவது அதுதான். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே போகும் என்று பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி படித்திருப்போமே, அதுதான் இங்கே வேலை செய்கிறது.

ஆயில் வந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் உள்பக்கப் பேடை டிஸ்கில் அழுத்தும். வெளிப்பக்கப் பேடுக்குப் பெரும்பாலும் தனிப் பிஸ்டன் கிடையாது. உள்பேட் டிஸ்கில் முட்டி நின்றதும் காலிப்பர் கூடே எதிர்ப்பக்கம் நகர்ந்து வெளிப்பேடை இழுத்துப் பிடிக்கும். அப்படி நகர்வதற்காக அது இரண்டு வழவழப்பான கம்பிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவைதான் ஸ்லைடு பின்.

சரி, காலை எடுத்தால் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது யார்? சைக்கிளில் இருப்பது போன்ற ஸ்பிரிங் இங்கே இல்லை. இந்த ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிஸ்டனைச் சுற்றி, காலிப்பருக்குள் வெட்டிய பள்ளத்தில், சதுர வெட்டு உள்ள ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். ஆயில் கசியாமல் காப்பது அதன் ஒரு வேலை. பிஸ்டன் வெளியே போகும்போது வளையத்தின் விளிம்பு அதோடு ஒட்டிக்கொண்டு லேசாக முறுக்கிக்கொள்ளும், அழுத்தம் நின்றதும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்கு வரும், வரும்போது பிஸ்டனையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும். அந்தக் ‘கொஞ்சம்’ அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு இடைவெளிதான் பிரேக் பிடித்த சக்கரத்துக்கும் விட்ட சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசம்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: தள்ளுவது உங்கள் கால், அதற்கு ஏகப்பட்ட பலம். திரும்ப இழுப்பது ஒரு ரப்பர் வளையம், அதற்குப் பலம் மிகக் குறைவு. வழியில் சின்னத் தடை வந்தாலும் தள்ளுவது நடந்துவிடும், திரும்புவது நடக்காது. பிரேக் பிடிக்கிறது ஆனால் விடமாட்டேன் என்கிறது என்பதன் அடிப்படைக் காரணம் இவ்வளவுதான்.

## பட்டறைக்குப் போனதும் மாயமாகும் கோளாறு

ரோட்டில் புகைந்த சக்கரம் பட்டறைக்குப் போய் ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஜோராகச் சுற்றும். மெக்கானிக் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். இதற்குப் பெரும்பாலும் காரணம் ஹோஸ்.

சேஸிஸிலிருந்து, அதாவது வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து, காலிப்பருக்கு இரும்புக் குழாய் போட முடியாது, சக்கரம் திரும்ப வேண்டும், மேலும் கீழும் ஆட வேண்டும். அதனால் கடைசித் துண்டு மட்டும் வளையக்கூடிய ரப்பர் குழாய், அதுதான் ஹோஸ். பல வருடம் ஆனதும் அதன் வெளிப்புறம் நன்றாகவே இருக்கும், உள் சுவர் மட்டும் ஊதி உப்பிக்கொள்ளும் அல்லது உரிந்து தொங்கும். நீங்கள் மிதிக்கும்போது அந்த அழுத்தத்துக்கு ஆயில் எப்படியோ புகுந்து போய்விடும். ஆனால் ரப்பர் வளையம் இழுக்கும் அந்த மெல்லிய இழுப்புக்கு அதே வழியில் திரும்பி வராது. பேட் உரசும், சூடாகும், சூட்டில் ஆயில் விரியும், விரிந்த ஆயில் இன்னும் அழுத்தும், இன்னும் சூடாகும். வண்டியை ஓரங்கட்டிக் கால் மணி நேரம் நிறுத்தினால் அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்து திரும்பிவிடும், சக்கரம் தானாக விட்டுவிடும். அதற்குள் நீங்கள் பட்டறை வாசலில் நிற்பீர்கள்.

ஆகவே சோதனையை வண்டி பிடித்துக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். ஆறிய வண்டியைப் பிரித்துப் பார்ப்பது பாதி நேரம் வீண் வேலை.

## எந்தச் சக்கரம்?

பிரேக்கை அதிகம் தொடாமல் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சமதளத்தில் மெதுவாக நிறுத்தி, இரண்டு முன் சக்கரத்தின் ரிம் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அருகில் என்றுதான் சொல்கிறேன், தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும். துப்பாக்கி மாதிரி இருக்கும் சூடு பார்க்கும் கருவி கிடைத்தால் நல்லது. எத்தனை டிகிரி என்பது முக்கியமில்லை, இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றி ஆற்றும் பழக்கம் பலருக்கு உண்டு, டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசல்கூட விடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்த வண்டியில் நான்கு சக்கரமும் சூடாகத்தான் இருக்கும், அந்த நேரத்தில் இந்தச் சோதனை செய்து ஒன்றும் தெரியாது.

வண்டி இழுக்கும் பக்கமும் ஒரு துப்பு, ஆனால் இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பிரேக்கைத் தொடாமல் ஓடும்போதே இடது பக்கம் இழுத்தால் இடது சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. மிதிக்கும்போது மட்டும் இடது பக்கம் இழுத்தால் இடதுபுறம் ஒழுங்காகப் பிடிக்கிறது, வலது காலிப்பர் இறுகிப்போய் வேலையே செய்யவில்லை என்றும் இருக்கலாம்.

ஒரு சக்கரம் மட்டும் சூடு என்றால் அந்தப் பக்கத்துக் காலிப்பர் அல்லது ஹோஸ். முன் இரண்டும் ஒரே மாதிரி சூடு என்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது மாஸ்டர் சிலிண்டர் பக்கம் தேட வேண்டும். இரண்டு காலிப்பரும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம்.

## ஒரு ஸ்பேனர், ஒரு நிப்பிள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். காலிப்பரின் மேல்பக்கம் ரப்பர் மூடி போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கும். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வைத்தது, பெயர் நிப்பிள்.

சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை நீட்டக் கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், இறுகியிருக்கிறதா? கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, ஸ்பேனரால் கால் சுற்று திறங்கள். பழைய நிப்பிள் துருப்பிடித்திருக்கும், பலத்தைக் காட்டினால் தலை முறிந்து கையோடு வரும், அதனால் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை அதில் மட்டும் ஒரு சொட்டு விட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

ஆயில் ‘சிர்’ரென்று பீய்ச்சி, அதோடு சக்கரம் சுலபமாகச் சுற்றினால் உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது என்று அர்த்தம். காலிப்பர் மேல் குற்றமில்லை. ஆயில் சும்மா ஒழுகுகிறது, சக்கரம் அப்படியே இறுகி நிற்கிறது என்றால் அழுத்தம் இல்லை, உறுப்புதான் இறுகியிருக்கிறது. நிப்பிளை உடனே மூடிவிடுங்கள், பெடலை மிதித்துக் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

டீக்கடையில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்களே, அந்தச் சண்டை இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். செலவு, ஒரு மூடி பிரேக் ஆயில்.

## உறுப்பு இறுகியிருந்தால்

சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் பேடைப் பாருங்கள். தேய்ந்திருக்கும் விதமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். உள்பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் பிஸ்டன் திரும்பவில்லை. வெளிப்பேட் அதிகம் தேய்ந்திருந்தாலோ, ஒரு பேட் ஒரு முனையில் தடியாகவும் மறுமுனையில் மெல்லிசாகவும் சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ ஸ்லைடு பின் மேல் சந்தேகப்படலாம்.

ஸ்லைடு பின்தான் இதில் மலிவான கோளாறு, அடிக்கடி வருவதும் அதுதான். நல்ல பின் விரலால் தள்ளினாலே உள்ளே போய் வரும். கெட்டது வெளியே வரவே அடம்பிடிக்கும், வந்தால் நடுவில் பழுப்பாக ஒரு துரு வளையம் தெரியும், அதற்கு மேல் பழைய கிரீஸ் தார் மாதிரி காய்ந்திருக்கும். பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்ததன் விளைவு அது. தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டிகளுக்கு இது சீக்கிரமே வரும். பின்னையும் அது நுழையும் துளையையும் சுத்தம் செய்து, உறையைப் புதிதாகப் போட்டு, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். பேரிங் கிரீஸ் வேண்டாம், கனிம எண்ணெய் சேர்ந்த கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் ஊதிக்கொள்ளும், ஊதினால் பின் மறுபடி இறுகும். பின்னில் துரு பள்ளம் பறித்திருந்தால் புதுப் பின்தான். பேடின் காதுகள் உட்காரும் தடத்தில் துரு ஏறியிருந்தால் அதையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், பேட் தன் இடத்தில் கையால் நகர வேண்டும்.

பிஸ்டன் இறுகியிருந்தால் வேலை கொஞ்சம் பெரிது. நிப்பிளைத் திறந்துவிட்டு சி கிளாம்ப் போட்டு பிஸ்டனை மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். நிப்பிளைத் திறப்பது எதற்கு என்றால், காலிப்பரில் தேங்கிய அழுக்கு ஆயில் மேலே மாஸ்டர் சிலிண்டருக்குப் போகாமல் இப்படியே வெளியேறிவிடும். சீராக உள்ளே போனால் பிஸ்டன் தப்பித்தது. முரண்டு பிடித்தால் கழற்றிப் பார்க்க வேண்டும்: பிஸ்டனின் பளபளப்பான பரப்பில் குழிக்குழியாகத் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒப்பேற்றக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். பரப்பு நன்றாக இருந்தால் ரப்பர் வளையமும் தூசி உறையும் சேர்ந்து வரும் கிட் போட்டால் போதும். கம்ப்ரஸர் காற்று கொடுத்துப் பிஸ்டனை வெளியே தள்ளுவது பட்டறையில் சகஜம், பழகாத ஆள் செய்ய வேண்டாம், அது குண்டு மாதிரி வரும், குறுக்கே விரல் இருந்தால் நசுங்கிவிடும். பேட் தூசியையும் காற்றடித்துப் பறக்கவிடாதீர்கள், பழைய பேட்களில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு.

முழுக் காலிப்பர் மாற்றினால் இடது வலது மாறிவிடாமல் பாருங்கள். மாட்டிய பிறகு நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழே இருந்தால் மாறிப்போட்டிருக்கிறீர்கள், எத்தனை தடவை முயன்றாலும் காற்று வெளியே வராது.

## அழுத்தம் தங்கியிருந்தால்

ஒரு சக்கரம் மட்டும் என்றால் ஹோஸ்தான் முதல் குற்றவாளி. உறுதி செய்ய, அடுத்த முறை பிடித்துக்கொள்ளும்போது நிப்பிளுக்குப் பதில், ஹோஸின் மேல் முனை இரும்புக் குழாயோடு சேரும் இடத்தை லேசாகத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லை, ஆனால் நிப்பிளைத் திறந்தால் விடுகிறது என்றால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில், ஹோஸுக்குள். இரண்டு பக்க ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள், இரண்டுக்கும் வயது ஒன்றுதானே.

முன் இரண்டும் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போக வேண்டும். அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சின்னத் துளை உண்டு. பெடலை முழுசாக விட்டால்தான் அது திறக்கும், அதன் வழியாகத்தான் மீதி ஆயில் மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்பும். பெடல் ஒரு சிறிது இறங்கியே நின்றாலும் துளை மூடியே இருக்கும், சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக வழியில்லை, ஓட ஓடப் பிரேக் தானாக ஏறும். ஆகவே எதையும் கழற்றுமுன் பெடலைக் கையால் ஆட்டிப் பாருங்கள், தொடக்கத்தில் கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெடல் தண்டை யாரோ நீளமாகத் திருகி வைத்திருக்கலாம், அல்லது பிரேக் லைட் சுவிட்ச் பெடலைப் பின்னுக்கு வர விடாமல் முட்டிக்கொண்டிருக்கலாம். சுவிட்சைச் சரிசெய்ததோடு முடிந்துபோன ‘பிரேக் ஜாம்’களும் உண்டு.

ஆட்டம் இருந்தும் பிடித்தால் பூஸ்டரைச் சந்தேகிக்கலாம், மிதிப்பை வாக்குவத்தால் பலப்படுத்தும் அந்தப் பெரிய வட்ட டப்பா. எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே இருக்கும் வாக்குவம் தீரும்வரை பெடலை நாலைந்து முறை மிதித்து விடுங்கள். அதற்குப் பிறகு சக்கரம் விட்டால் பூஸ்டர் பக்கம்தான் கோளாறு. விடாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிணைத்திருக்கும் நட்டுகளை ஓரிரு சுற்று தளர்த்துங்கள், அப்போது விட்டால் நடுவில் உள்ள தண்டு நீளம், அப்போதும் விடாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே அடைப்பு.

ஒருவேளை டப்பாவில் ஸ்டியரிங் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ ஊற்றிவிட்டிருந்தால் மேலே சொன்ன சோதனை எதுவும் தேவையில்லை. ‘ஆயில்’ என்ற பெயரைப் பார்த்து இப்படி ஊற்றுவது நடக்கத்தான் செய்கிறது. பிரேக்கில் உள்ள ரப்பர் எல்லாம் ஊதி, அந்தச் சின்னத் துளை அடைபட்டு, எல்லாச் சக்கரமும் பிடிக்கும். டப்பா மூடியின் ரப்பர் உப்பி, மூடியில் உட்கார மறுத்தால் அதுவே அடையாளம். அப்புறம் கழுவித் தப்பிக்க முடியாது, ரப்பர் உள்ள பாகம் அத்தனையும் மாற்ற வேண்டியதுதான்.

## ஆயில், ஏர், ஓட்டம்

டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள். இவை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தரம், ஈரம் ஏறியதும் அது 140க்கு இறங்கிவிடும். டாட் 4க்கு 230, ஈரம் ஏறினால் 155. உரசிக்கொண்டே ஓடிய காலிப்பரில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும், வண்டி நிற்காது. பிடித்துக்கொண்ட பிரேக் கடைசியில் பிடிக்காத பிரேக்காக முடிவது இப்படித்தான், அதனால் ‘மெதுவாக ஓட்டிக்கொண்டே போயிடலாம்’ என்பது ஆபத்து.

பாகம் மாற்றிய பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடி, மூடிய பிறகே பெடலை விட வேண்டும். குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை இதைத் தொடருங்கள், டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும்.

முதல் ஓட்டத்தைக் காலி வண்டியில், காலி ரோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து மறுபடி அந்த ரிம் சூட்டைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமம் என்றால் லோடு ஏற்றலாம். இத்தனைக்கும் பிறகு ஒரு பக்கம் மட்டும் சுட்டால், காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு (ஹோஸில் தொங்கவிடாதீர்கள்) ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியை, வெறுமனே சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தமோ, பிடித்து அசைத்தால் ஆட்டமோ இருந்தால் பிரேக்கை விட்டுவிட்டு வீல் பேரிங்கைக் கவனிக்க வேண்டியதுதான்.